ஏலத்தில் மலிவாக ஒரு வீடு: வாங்கலாமா?

அகலம் ஒரு அடி. நீளம் நூறு அடி. விலை 9,100 டாலர்!

இப்படி ஒரு நிலத்தை யாராவது வாங்குவார்களா? ஒருவர் வாங்கினார். 2019-ம் ஆண்டு, அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தில் இது நடந்தது.

அவர் விவரம் தெரியாத ஆள் அல்ல. வீடு வாங்குகிறோம் என்று நினைத்துத்தான் பணம் கட்டினார். அவர் நினைத்த வீட்டின் மதிப்பு 1 லட்சத்து 77 ஆயிரம் டாலர். அது 9,100 டாலருக்குக் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஏலம் கம்ப்யூட்டரில் நடந்தது. அவர் கேட்ட விலைக்கே முடிந்தது. பிறகுதான் உண்மை தெரிந்தது. அவர் வாங்கியது வீடு அல்ல. ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளுக்கு நடுவே, சுவருக்கு அடியில் ஓடுகிற ஒரு அடி அகலத் துண்டு நிலம். அதன் மதிப்பு 50 டாலர்!

"பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டார். "ஏலம் முடிந்தால் முடிந்ததுதான்" என்று அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள்.

இது நடந்த இடம் புரோவர்டு கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் ஜில்லா மாதிரி. மியாமி நகரத்துக்கு வடக்கே, ஊரும் ஊரும் ஒட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக வீடுகள் நிறைந்த பகுதி அது. அந்த ஒரு அடி நிலம் எதற்காக ஏலத்துக்கு வந்தது? வரி பாக்கிக்காக வந்தது.

வரி பாக்கிக்கு ஏலம் வரும் வீடுகளை வாங்கினால் சீக்கிரம் பணக்காரர் ஆகலாம் என்று அமெரிக்காவில் பலர் பேசுகிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க வகுப்புகள் நடக்கின்றன. புத்தகங்கள் விற்கின்றன. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் காதிலும் இந்தப் பேச்சு விழுகிறது. "அப்பா, இங்கே பாதி விலைக்கு வீடு கிடைக்கிறதாம்" என்று மகன் போனில் சொன்னால், இங்கே இருக்கிற தகப்பனார் என்ன பதில் சொல்வது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு மிக மலிவாகக் கிடைத்தால், அங்கே யாரோ ஒருவர் ஏமாந்திருக்கிறார். ஒன்று, வீட்டைப் பறிகொடுத்தவர். இல்லாவிட்டால், வாங்கியவர்!

எப்படி என்று பார்ப்போம்.

வரி கட்டாவிட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் சொந்த வீடு உள்ளவர்கள் ஆண்டுதோறும் வீட்டு வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடம் நடக்கிறது. போலீசுக்கும், தீயணைப்புப் படைக்கும் சம்பளம் போகிறது. ஆகவே வரியை வசூலிக்காமல் விட முடியாது.

புளோரிடாவில் நவம்பர் மாதம் வரிச் சீட்டு வரும. அந்த மாதமே கட்டினால் நூற்றுக்கு 4 தள்ளுபடி. டிசம்பரில் கட்டினால் 3. ஜனவரியில் 2. பிப்ரவரியில் 1. மார்ச்சில் கட்டினால் தள்ளுபடி கிடையாது. ஏப்ரல் 1-ந் தேதி பிறந்துவிட்டால், அது பாக்கி.

பாக்கி விழுந்த உடனே வீட்டை விற்றுவிட மாட்டார்கள். முதலில் அந்த பாக்கிதான் ஏலத்துக்கு வரும். அதாவது, உங்கள் வரியை வேறு ஒருவர் கட்டுவார். அதற்கு அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். நீங்கள் அவருக்கு வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்த ஏலம் தலைகீழ் ஏலம். வட்டி நூற்றுக்கு 18-ல் ஆரம்பிக்கும். "எனக்கு 15 போதும்", "எனக்கு 10 போதும்" என்று கேட்கிறவர்கள் இறங்கிக்கொண்டே போவார்கள். யார் குறைந்த வட்டி கேட்கிறாரோ, அவருக்குத்தான் சான்றிதழ்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பொறுப்பார்கள். அதற்குள் பாக்கியைக் கட்டி மீட்டுவிட்டால் தொல்லை இல்லை. மீட்காவிட்டால், சான்றிதழ் வைத்திருப்பவர் மனுப் போடுவார். "வீட்டை ஏலம் போடுங்கள், என் பணம் எனக்கு வர வேண்டும்" என்பார். அப்போதுதான் வீடு ஏலத்துக்கு வரும். அதிகத் தொகை கேட்டவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள்.

எல்லா மாநிலங்களிலும் இதே முறை இல்லை. சில மாநிலங்களில் இடையில் சான்றிதழ் கிடையாது. கவுண்டியே வீட்டை எடுத்துக்கொண்டு விற்றுவிடும். மிச்சிகன் மாநிலம் அப்படிப்பட்டது.

பத்துப் பேர் கேட்கும் வீடு

நகரத்தை ஒட்டிய நல்ல பகுதி. நல்ல பள்ளிக்கூடம். வேலைக்குப் போக வசதியான ரோடு. அங்கே ஒரு வீடு ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் யார் வருவார்கள்?

பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வருவார்கள். வீடுகளை வாங்கி வாடகைக்கு விடும் கம்பெனிகள் வரும். பக்கத்து வீட்டுக்காரரும் வருவார். ஏலம் கம்ப்யூட்டரில் நடப்பதால், ஆயிரம் மைல் தள்ளி இருப்பவரும் படுக்கையில் இருந்தபடியே விலை கேட்பார்.

இவர்கள் எல்லாருக்கும் அந்த வீட்டின் மார்க்கெட் விலை தெரியும். அப்படி இருக்கும்போது வீடு பாதி விலைக்கு எப்படி வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 3 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். வீடு பழுது பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. பத்துப் பேரும் வெளியில் இருந்தே மதிப்புப் போடுகிறார்கள். ஒருவர் செலவு 80 ஆயிரம் ஆகும் என்கிறார். இன்னொருவர் 60 ஆயிரம் என்கிறார். ஒருவர் மட்டும், "20 ஆயிரம் போதும்" என்று நினைக்கிறார்.

யார் அதிக விலை கேட்பார்? செலவைக் குறைத்து நினைத்தவர்தான் கேட்பார். ஏலமும் அவருக்குத்தான் விழும். சாவியை வாங்கி உள்ளே போய்ப் பார்த்தால், கூரை ஒழுகும், குழாய் உடைந்திருக்கும். செலவு 70 ஆயிரம்!

ஆக, கூட்டம் நிறைந்த ஏலத்தில் ஜெயிப்பவர் பல சமயங்களில் கெட்டிக்காரர் அல்ல. கணக்கில் தவறியவர். மற்ற ஒன்பது பேரும் ஏன் நிறுத்தினார்கள் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

புளோரிடாவில் இன்னொரு விதியும் உண்டு. சொந்தக்காரர் தாமே குடியிருக்கும் வீடு என்று பதிவு செய்து வரிச் சலுகை பெற்ற வீடாக இருந்தால், ஏலத்தின் ஆரம்ப விலையிலேயே வரி மதிப்பீட்டில் பாதியைச் சேர்த்துவிடுவார்கள். வெறும் வரி பாக்கித் தொகைக்கு அந்த வீட்டைத் தட்டிக்கொண்டு போக முடியாது. குடியிருக்கும் வீடு அற்ப விலைக்குப் போகக் கூடாது என்று சட்டமே தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறது.

பத்திரம் வந்தது, தலைவலியும் வந்தது

சரி, ஏலம் எடுத்தாகிவிட்டது. உடனே குடி போகலாமா? முடியாது.

முதலில் பணம். புளோரிடாவில் ஏலத் தொகையில் நூற்றுக்கு 5, அல்லது 200 டாலர், இதில் எது அதிகமோ அதை முன்பணமாகக் கட்ட வேண்டும். மீதித் தொகை முழுவதையும் 24 மணி நேரத்தில் கட்ட வேண்டும். பாங்கில் கடன் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க அவகாசம் இல்லை. மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும்.

வீட்டில் ஆள் இருக்கலாம். பழைய சொந்தக்காரர் இருக்கலாம். வாடகைக்கு வந்த குடும்பம் இருக்கலாம். கையில் பத்திரம் இருக்கிறது என்று நாமே அவர்களை வெளியே தள்ள முடியாது. கோர்ட்டுக்குப் போக வேண்டும். வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது வில்லங்கம். வரி ஏலத்தில் விற்றால் பழைய வீட்டுக் கடன் பொதுவாக அழிந்துவிடும். ஆனால் நகரசபை போட்ட அபராதங்கள் புளோரிடாவில் அழியாது. புல் வெட்டாததற்கு அபராதம், இடிந்த சுவரைக் கட்டாததற்கு அபராதம் என்று நாள் கணக்கில் அது ஏறி நிற்கும். வாங்கியவர் தலையில்தான் அது விழும்.

பழைய சொந்தக்காரர் மத்திய சர்க்காருக்கு வருமான வரி பாக்கி வைத்து, அதற்காக வீட்டின் மேல் சர்க்கார் உரிமை பதிவு செய்திருக்கலாம். அப்படி இருந்தால், ஏலம் முடிந்து 120 நாட்களுக்குள் மத்திய சர்க்கார் அந்த வீட்டை மீட்டுக்கொள்ளலாம். அதுவரை கூரைக்கு ஒரு ஓடு மாற்றவும் மனம் வராது.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டை விற்க நினைத்தால், "உங்கள் பத்திரம் வரி ஏலப் பத்திரம் ஆயிற்றே?" என்று வாங்குபவர் தயங்குவார். உரிமை சுத்தமாக இருக்கிறது என்று கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டியிருக்கும். அதற்கும் மாதங்கள் ஆகும், பணம் ஆகும்.

இந்தச் செலவை எல்லாம் கூட்டிப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது மலிவா?

8 டாலருக்குப் போன வீடு

இதுவரை வாங்குபவரின் கதையைப் பார்த்தோம். இனி வீட்டைப் பறிகொடுத்தவரின் கதை.

மிச்சிகனில் ஓக்லண்டு கவுண்டி என்று ஒன்று உண்டு. டெட்ராய்ட் நகரத்துக்கு வடக்கே உள்ள புறநகர்ப் பகுதி. அங்கே ரபேலி என்பவரின் கம்பெனி 2011-ல் 60 ஆயிரம் டாலருக்கு ஒரு வீடு வாங்கியது. அந்த ஆண்டு வரியில் 496 டாலர் குறைந்துவிட்டது. பிறகு பாக்கியைக் கட்டினார்கள். ஆனால் கடைசியாக ஏறிய வட்டியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அந்தப் பாக்கி எவ்வளவு தெரியுமா? 8 டாலர் 41 சென்ட்!

அது வட்டி, அபராதம், கட்டணம் என்று வளர்ந்து 285 டாலர் 81 சென்ட் ஆனது. 2014-ம் ஆண்டு கவுண்டி அந்த வீட்டை ஏலம் போட்டது. 24,500 டாலருக்கு விலை போயிற்று.

பாக்கி போக மிச்சம் 24,214 டாலர் 19 சென்ட். அது சொந்தக்காரருக்குத்தானே வர வேண்டும்? வரவில்லை. கவுண்டியே வைத்துக்கொண்டது. அப்போது அந்த மாநிலச் சட்டம் அப்படி இருந்தது.

ரபேலி வழக்குப் போட்டார். 2020-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி மிச்சிகன் மாநில சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பாக்கிக்கு மேல் கிடைத்த பணம் சொந்தக்காரருக்கே சேரும் என்றது அந்தத் தீர்ப்பு.

அடுத்த கதை இன்னும் உருக்கமானது. மின்னசோட்டா மாநிலத்தில், மின்னியாபொலிஸ் நகரத்தில், ஜெரால்டின் டைலர் என்ற அம்மாள் தனியாக ஒரு சிறிய அடுக்கு வீட்டில் குடியிருந்தார். வயதான காலத்தில் அந்த இடம் பயமாக இருந்தது. 2010-ம் ஆண்டு, முதியவர்கள் வசிக்கும் வேறு இடத்துக்கு வாடகைக்குப் போனார். பழைய வீட்டின் வரி நின்றுபோயிற்று.

வரி பாக்கி ஏறக்குறைய 2,300 டாலர். வட்டியும், அபராதமும், செலவும் சேர்ந்து அதை 15 ஆயிரம் டாலர் ஆக்கிவிட்டன. ஹென்னபின் கவுண்டி அந்த வீட்டை எடுத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது. மிச்சம் 25 ஆயிரத்தையும் தானே வைத்துக்கொண்டது.

அந்த அம்மாள் விடவில்லை. வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2023-ம் ஆண்டு மே 25-ந் தேதி தீர்ப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 94! ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கமே தீர்ப்பு அளித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். வர வேண்டிய கடனுக்கு மேல் சர்க்கார் எடுக்கக் கூடாது என்ற நீதி, இங்கிலாந்தில் 1215-ம் ஆண்டு எழுதிய மகா சாசனத்திலேயே இருக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார்.

800 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த நீதி! அதை நிலைநாட்ட ஒரு மூதாட்டி கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது.

கூட்டம் வந்தால் யாருக்கு லாபம்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

வரி ஏலத்தில் பணம் போடுகிறவர்கள் ஒரு குறை சொல்வார்கள். "போட்டி அதிகமாகிவிட்டது. விலையை ஏற்றிவிடுகிறார்கள். லாபமே இல்லை" என்பார்கள்.

நான் சொல்கிறேன்: போட்டி இருப்பது நல்லது!

ஏன்? பாக்கிக்கு மேல் கிடைக்கும் பணம் முதலில் மற்ற கடன்காரர்களுக்குப் போகிறது. அதன் பிறகு மிஞ்சுவது பழைய சொந்தக்காரருக்கு வருகிறது. ஏலத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றால், வீடு அடிமாட்டு விலைக்குப் போகும். அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இருபது பேர் நின்றால் விலை ஏறும். ஏறுகிற ஒவ்வொரு டாலரும் அந்தக் குடும்பத்தின் கைக்குப் போகக் கூடிய பணம். வீட்டை இழந்தவர் வேறு இடத்தில் வாடகைக்குப் போக அது உதவும்.

வாங்குபவருக்கு இடைஞ்சலாகத் தெரியும் அதே கூட்டம், விற்கப்படுகிறவருக்குக் காவல்!

"வரி கட்டாதவருக்கு ஏன் இவ்வளவு இரக்கம்?" என்று சிலர் கேட்கலாம். ஒழுங்காக வரி கட்டும் ஏழைத் தொழிலாளி ஏமாளியா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வரி பாக்கியை விட்டுவிடச் சொல்லவில்லை. பாக்கியை வாங்கட்டும். வட்டியை வாங்கட்டும். ஏலச் செலவையும் வாங்கட்டும். அதற்கு மேல் ஒரு காசும் எடுக்க வேண்டாம். பத்து ரூபாய் கடனுக்கு ஜப்தி செய்ய வந்தவர், நூறு ரூபாய் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் விற்று, மீதித் தொண்ணூறையும் மடியில் கட்டிக்கொண்டால் அதற்குப் பெயர் வசூலா?

ஆகவே, நேர்மையாகப் பணம் போட நினைப்பவர் நியாயமான விலை கொடுத்து, நியாயமான லாபம் எதிர்பார்க்க வேண்டும். கூட்டம் இல்லாத இருட்டு மூலையைத் தேடிப் போவது லாபமும் அல்ல, தர்மமும் அல்ல.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

சரி, எல்லாம் தெரிந்தும் ஏலத்தில் வாங்க விரும்பினால், ஐந்து காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று: படத்தை நம்பாதீர்கள். கவுண்டியின் பதிவேட்டில் நிலத்தின் எண்ணையும், நீள அகலத்தையும், கட்டடத்தின் மதிப்பையும் பாருங்கள். கட்டடத்துக்கு மதிப்பே இல்லை என்றால், அங்கே கட்டடமே இல்லை என்று அர்த்தம்.

இரண்டு: நேரில் போய்ப் பாருங்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் தெருவில் நின்று பார்க்கலாம். விளக்கு எரிகிறதா, ஆள் இருக்கிறார்களா, கூரை எப்படி இருக்கிறது என்பது தெரியும்.

மூன்று: வில்லங்கம் பாருங்கள். நகரசபை அபராதம், மத்திய சர்க்கார் பாக்கி இரண்டையும் தனியாக விசாரியுங்கள். இந்தச் செலவுக்குச் சோம்பினால், பிறகு பத்து மடங்கு செலவாகும்.

நான்கு: ஏலத்துக்கு முன்பே ஒரு விலையைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதற்கு மேல் ஒரு டாலரும் ஏறாதீர்கள். ஏல வேகம் மதுவைப் போன்றது, தலைக்கு ஏறிவிடும்.

ஐந்து: கடன் வாங்கிய பணத்தையும், பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணத்தையும் இதில் போடாதீர்கள். முழுத் தொகையும் ஒரே நாளில் கட்டி, மாதக் கணக்கில் கோர்ட்டுக்கு அலையத் தெம்பு உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தொழில்.

திரும்பி வந்த கடிதம்

கடைசியாக ஒரு கதை. இது வீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்க வேண்டிய கதை.

ஆர்க்கன்சா மாநிலத்தில், லிட்டில் ராக் என்ற ஊரில், ஜோன்ஸ் என்பவர் 1967-ம் ஆண்டு கடன் வாங்கி ஒரு வீடு வாங்கினார். முப்பது ஆண்டுகள் தவணை கட்டினார். ஆண்டுதோறும் கடன் கொடுத்த கம்பெனியே அவருடைய வீட்டு வரியையும் கட்டி வந்தது. 1993-ல் அவர் மனைவியைப் பிரிந்து வேறு வீட்டுக்குப் போனார். மனைவி அந்த வீட்டிலேயே இருந்தார்.

1997-ல் கடன் முழுவதும் தீர்ந்தது. சந்தோஷமான நாள்தானே? ஆனால் அன்றோடு கம்பெனி வரி கட்டுவதும் நின்றது. இனி வரியைத் தாமே கட்ட வேண்டும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஓடின.

2000-ம் ஆண்டு சர்க்காரிடம் இருந்து பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்க வீட்டில் ஆள் இல்லை. தபால் ஆபீசுக்குப் போய் வாங்கவும் யாரும் போகவில்லை. "வாங்குவார் இல்லை" என்று கடிதம் திரும்பிப் போயிற்று. பிறகு இன்னொரு கடிதம். அதுவும் திரும்பியது. 80 ஆயிரம் டாலர் மதிப்புள்ள வீடு 21,042 டாலருக்கு விலை போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் ஜோன்சின் மகள் கையில் கிடைத்தபோதுதான் விஷயமே அவருக்குத் தெரிந்தது!

இந்த வழக்கில் 2006-ம் ஆண்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஜோன்சுக்குச் சாதகமாகத் தீர்ப்பு அளித்தது. அதை எழுதியவரும் அதே ஜான் ராபர்ட்ஸ்தான். தபால்காரர் கை தவறிக் கடிதங்களைச் சாக்கடையில் போட்டுவிட்டதைக் கண்ணால் பார்த்த அதிகாரி, "நான் அனுப்பிவிட்டேன்; என் வேலை முடிந்தது" என்று சொல்லலாமா என்று அவர் கேட்டார். கடிதம் திரும்பி வந்தது என்று தெரிந்தால், சாதாரணத் தபாலில் அனுப்பலாம். வீட்டுக் கதவில் ஒட்டலாம். ஒருவருடைய வீட்டை விற்கும் முன்பு அவ்வளவாவது செய்ய வேண்டும் என்றது தீர்ப்பு.

சர்க்காருக்கு அது பாடம். நமக்கும் பாடம் உண்டு.

அமெரிக்காவில் பிள்ளைகள் சொந்த வீடு வைத்திருந்தால், அடுத்த தடவை போனில் பேசும்போது கேளுங்கள்: "வீட்டு வரியை யார் கட்டுகிறார்கள்? பாங்கா, நீயா? வீட்டுக் கடன் தீர்ந்த பிறகு யார் கட்டுவார்கள்? வீடு மாறினால் புது விலாசத்தை வரி ஆபீசுக்கு எழுதினாயா?" என்று கேளுங்கள். பெரியவர்கள் கேட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வீடு ஏலம் போயே விட்டாலும், எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடக் கூடாது. மிச்சப் பணம் தானாக வீட்டுக் கதவைத் தட்டாது; மனுப் போட்டுக் கேட்க வேண்டும். மிச்சிகனில் ரபேலி வழக்குக்குப் பிறகு வந்த சட்டப்படி, வீடு கைவிட்டுப் போன ஆண்டின் ஜூலை 1-ந் தேதிக்குள் அதற்குரிய படிவத்தைக் கொடுக்க வேண்டும். தேதி தவறினால் உரிமையும் தவறிவிடும்.

8 டாலர் பாக்கியில் ஒரு வீடு போயிற்று. வாங்காத கடிதத்தில் ஒரு வீடு போயிற்று. அளவு பாராத அவசரத்தில் 9,100 டாலர் போயிற்று. மூன்றும் நடந்தது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த நாட்டில்தான்.

எழுத்தைக் கற்றுக்கொண்டது எதற்காக? நம் பெயருக்கு வரும் காகிதத்தை நாமே படிக்கத்தான். சர்க்கார் முத்திரை போட்ட கடிதம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பிரித்துப் படியுங்கள். புரியாவிட்டால் புரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மகன் போனில், "அப்பா, பாதி விலைக்கு ஒரு வீடு" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"மீதிப் பாதி யாருடையது, தம்பி?"